கூடிய மாலைகள் (மெர்லிமாவ் வட்டாரத் தமிழர் வரலாறு – 17)

சம்பள நாளையும் கள்ளுக்கடையையும் சென்ற இதழில் பார்த்தோம். அதே மாலைப் பொழுதில், தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயங்களுக்கு எதிரே, கோயில் வாசலிலும் திடலிலும் வேறு கூட்டங்களும் கூடின. கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு, கணக்கு உண்டு, அரசாங்கத்தில் கோப்பு உண்டு. பஜனைக்கும் சிலம்பத்துக்கும் கும்மிக்கும் கோப்பு கிடையாது. அதனால்தான் நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதிய புத்தகங்களில் குடித்த தமிழன் பக்கம் பக்கமாக வருகிறான். கூடிப் பாடிய தமிழனைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. உடம்பையும் மனத்தையும் தேற்றிக்கொள்ள இந்த வட்டாரத்து மக்கள் எங்கே கூடினார்கள், யாரிடம் கற்றார்கள், அந்தக் கூடுமிடங்கள் எப்படிப் போயின, இன்று எந்த உருவில் திரும்பி வந்திருக்கின்றன என்பதே இந்த இதழின் கதை.

முதலில் அந்த உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலாக்கா நகரிலிருந்து மூவார் போகும் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வந்தால் மெர்லிமாவ். ஜாசின் மாவட்டத்துச் சிறு பட்டணம். செர்காம், செபாத்து, சுங்கை ரம்பை எல்லாம் பக்கத்து ஊர்கள். கேசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர். 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்கா பெரானாக்கான் வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவில் வணிகத்துக்கென ரப்பர் வைத்த முன்னோடிகளில் அவர் ஒருவர். அவர் நட்ட மரம் பால் தரத் தொடங்கியதும் ஜாசின் மாவட்டத்துக் காடுகள் மளமளவென்று தோட்டங்களாயின. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் கப்பலேறித் தங்கள் ஊருக்கே போய்ச் சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் நிறுத்தும்வரை அது நடந்தது.

வந்தவர்கள் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். விடியுமுன் எழ வேண்டும். இருட்டோடு பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். பிறகு காடு. ஒருவர் பங்குக்கு ஏறக்குறைய 500 மரம். புது மரமென்றால் வெட்டு இடுப்புக்குக் கீழே இருக்கும், குனிந்தே வெட்ட வேண்டும். வயதான மரமென்றால் வெட்டு தலைக்கு மேலே போய்விடும், கழுத்தை நிமிர்த்தி, கையை உயர்த்தி, கண்ணில் பட்டை விழாமல் வெட்ட வேண்டும். எப்படியானாலும் ஒரே கை, ஒரே பக்கத் திருப்பம், 500 முறை. வெட்டி முடிந்ததும் மறுபடி முதல் மரத்துக்கு நடந்து, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, இரண்டு வாளியைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து நிறுவைக்குப் போக வேண்டும். பால் வெட்டிய கிழவர்களின் தோளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கம்பு உட்கார்ந்த இடத்தில் சதை காய்த்துப் போயிருக்கும். பெண்களும் இதே வேலையைச் செய்துவிட்டு, ஆயாக் கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினார்கள்.

நாளெல்லாம் உழைத்தவனுக்கு எதற்கு உடற்பயிற்சி என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பில் உடம்பு துரைக்குச் சொந்தம். மாலையில் திடலில் கம்பெடுத்து நிற்கும்போதுதான் அந்தக் கையும் காலும் அவனுக்குச் சொந்தமாயின.

தோட்டத்துச் சிலம்பம் அப்படித்தான் நடந்தது. கம்பு பிரம்பில், ஆளின் நெற்றி உயரம். வாத்தியார் என்று ஒருவர் இருப்பார். பகலில் அவரும் பால் வெட்டுகிறவராகவோ வெளிக்காட்டு வேலைக்காரராகவோ இருப்பார். சேர்ந்த பையன் கையில் உடனே கம்பு வராது. காலடிப் பாடம்தான் முதலில், மாதக்கணக்கில். மண்ணைத் தொட்டு வணங்கி, எந்தக் கால் முன், எந்தக் கால் பின், எப்போது திரும்புவது என்று அதிலேயே மாலைகள் போகும். கம்பு வந்தபின் இரண்டு கையும் மாறி மாறிச் சுழல வேண்டும். பகல் முழுக்க ஒரு பக்கமே இழுபட்ட முதுகுக்கு அந்த மாலை வகுப்பு மறுபக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. இதை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த கலையை மக்கள் தங்கள் தேவைக்கு வைத்துக்கொண்டார்கள்.

மனத்துக்கு பஜனை. புரட்டாசிச் சனிக்கிழமை, மார்கழி விடியல், மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய நாட்கள். ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக், நாலு ஜால்ரா போதும். தீமிதி நடக்கும் கோயில்களில் பாரதம் படிப்பார்கள். ஒருவர் படிக்க, ஒருவர் பொருள் சொல்ல, எழுத்தறியாதவர்களும் திரௌபதியின் துயரத்தைத் தங்கள் துயரமாகக் கேட்டு அழுதார்கள். அழுவதற்கு ஓர் இடம் இருந்தது என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். கடல் தாண்டி வந்து, தாய் செத்த செய்தி மூன்று மாதம் கழித்துக் கடிதத்தில் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மாசி மகத்துக்கு மலாக்கா நகரத்துப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலைக்கு ரதம் போகும்போது, சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து மக்கள் போய்க் கூட நடந்தார்கள். அந்த நடையில் வேறு தோட்டத்துச் சொந்தங்களைப் பார்ப்பதும், பெண் பார்ப்பதும், கடனைக் கேட்பதும் எல்லாம் சேர்ந்துதான் இருந்தது.

இனி இந்த இதழின் முக்கிய மனிதருக்கு வருகிறேன். அவர் மெர்லிமாவில் வேலை பார்த்தவர் அல்லர். மெர்லிமாவுக்கு வடக்கே சிரம்பானிலும் தெற்கே ஜொகூர் பாருவிலும் 10 ஆண்டுகள் இருந்தவர். நம் தோட்டத்து மக்களைப் போன்றவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை அது. பிற்காலத்தில் உலகமே அவரிடம் யோகம் கற்றது.

டாக்டர் குப்புசாமி, திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887 செப்டம்பர் 8ஆம் தேதி பிறந்தவர். கோரைப்பாய்க்குப் பேர்போன அதே பத்தமடை. எட்டயபுரத்தில் பள்ளி, திருச்சியில் கல்லூரி, தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு. தந்தையின் மறைவால் படிப்பு தடைப்பட்டது. திருச்சியிலிருந்து ‘அம்ப்ரோசியா’ என்ற ஆங்கில மருத்துவ மாத இதழை நடத்தினார். சாதாரண மக்களுக்கு மருத்துவ அறிவு போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு அப்போதே இருந்தது. 1913இல் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து சிரம்பான் போனார். ஹெரால்ட் பார்சன்ஸ் என்ற டாக்டர், பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் நிர்வாகியான ராபின்ஸிடம் அவரை அனுப்பினார். அந்தத் தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனை இருந்தது. அதைத் தனியாக நடத்தும் பொறுப்பை இளைஞர் குப்புசாமி ஏற்றுக்கொண்டார். ஏறத்தாழ 7 ஆண்டுகள் அங்கே. பிறகு ஜொகூர் பாருவில் பார்சன்ஸோடு சேர்ந்து 3 ஆண்டுகள்.

அக்காலத் தோட்ட ஆஸ்பத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பலகைக் கட்டில், கொய்னா மருந்தின் கசப்பு, டிரசரின் அதட்டல். வந்த நோய்கள் மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. படுத்தால் கூலி இல்லை. ஆகவே காய்ச்சலோடு மரத்தடிக்குப் போனவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட இடத்தில் குப்புசாமி ஏழைகளிடம் பணம் வாங்காமல் பார்த்ததையும், கைக்காசு கொடுத்து அனுப்பியதையும் அவர் வரலாற்றை எழுதிய எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். நான் இன்னொன்றை முக்கியமாகக் கருதுகிறேன். மலாயாவில் இருந்தபோது அவர் எழுதிய சிறு நூல்களில் ஒன்று, நோய்களின் பெயர்களைத் தமிழில் தருவது. இன்னொன்று வீட்டு வைத்தியம், மற்றொன்று பழங்களும் உடல்நலமும். நோயாளிக்கு அவன் மொழியில் அவன் நோயைச் சொல்ல வேண்டும், வீட்டில் இருப்பதைக் கொண்டே அவன் தேற வேண்டும் என்று நினைத்த மருத்துவர் அவர்.

ஒரு சாதுவுக்கு மருத்துவம் பார்த்தபோது அந்தச் சாது கொடுத்த வேதாந்த நூல் குப்புசாமியின் பாதையைத் திருப்பியது. 1923இல் மலாயாவை விட்டுப் புறப்பட்டார். 1924 ஜூன் 1ஆம் தேதி ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். துறவியானபின் சுற்றுவட்டாரச் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் அவர் முதலில் செய்தது மருத்துவம்தான்.

சிவானந்தர் தம் சீடர்களுக்கு வகுத்துக் கொடுத்த ஆன்மிக நாட்குறிப்பைப் பார்த்தவர்களுக்கு ஒன்று சட்டென்று புலப்படும். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் தூங்கினாய், ஆசனம் எவ்வளவு நேரம், பிராணாயாமம் எவ்வளவு, இன்று எத்தனை முறை கோபப்பட்டாய், எத்தனை பொய் சொன்னாய் என்று கட்டம் கட்டி நாள்தோறும் நிரப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் நோயாளியின் அட்டை மாதிரியே அது இருக்கிறது. கோபத்தையும் காய்ச்சலைப் போல அளந்து எழுதச் சொன்ன அந்தப் பார்வைக்குத் தோட்ட ஆஸ்பத்திரியில் கழிந்த ஆண்டுகளும் ஒரு காரணம் என்பது என் துணிபு. யோகம் மேல்தட்டு மக்களின் பொழுதுபோக்கு, வெளியூரிலிருந்து நமக்கு வந்த புதுப் பழக்கம் என்று நினைக்கும் நம் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் யோகத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்த பெரும் இயக்கங்களில் ஒன்றை நிறுவியவர், நம் தாத்தா பாட்டிகளின் தலைமுறையிடம் நோயைப் பற்றிப் பாடம் படித்தவர்.

அவர் போனபின் தோட்டம் அப்படியே இருந்தது. 1930களின் மந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் மரண ரயில்பாதைக்கு ஆண்களைக் கொண்டுபோன கதையைத் தனி இதழில் சொல்லியிருக்கிறேன். அதே காலத்தில்தான் தோட்டத்துத் தமிழர்கள் முதன்முறையாகப் பெருங்கூட்டமாக அணிவகுத்து நிற்கக் கற்றார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 22ஆம் தேதி பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அங்கே திறக்கப்பட்டது. தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியும் ஒரு மருத்துவரே. அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போனவர்கள். பெரட்டில் தலை குனிந்து நின்ற பெண் அங்கே நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அரசியலில் அந்தப் படை என்ன சாதித்தது என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கட்டும். அந்த நிமிர்வு வீடு திரும்பியபின் மறையவில்லை என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

அந்த நிமிர்வுதான் 1946இல் கெடாவில் தொண்டர் படையாக எழுந்தது. பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் இளைஞர்களைத் திரட்டினார். மாலையில் அணிவகுப்பு, கம்புப் பயிற்சி, லயங்களில் துப்புரவு, கள்ளுக்கடை மறியல். குடித்துவிட்டு வீட்டில் அடித்தவனை அவர்களே விசாரித்தார்கள். 1947 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டுப் பலர் சிறை போனார்கள். இயக்கம் ஒடுக்கப்பட்டது. அவர்கள் முறையில் முரட்டுத்தனம் இருந்தது உண்மை. ஆனால் தன் சமூகத்தின் உடம்பையும் மானத்தையும் காக்கத் தொழிலாளியே எழுந்த இயக்கம் அது. அரசாங்கம் அதைக் குண்டர் கூட்டமாகவே பார்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

1948இல் அவசரகாலம். தோட்ட மக்களை ஒரே இடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள். இரவில் ஊரடங்கு. விளக்கு வைத்தபின் வெளியே நடமாட முடியாத இடத்தில் எங்கே பாரதம் படிப்பது, எங்கே சிலம்பம் ஆடுவது? மலாயா நாட்டின் பல தோட்டங்களில் இரவுக் கூட்டங்கள் அறுந்துபோனதற்கு இந்த வேலியும் ஒரு காரணம். அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

வேலிக்குள் இருந்த அதே ஆண்டுகளில்தான் வெளியே புது அமைப்புகள் பிறந்தன. சுவாமி சத்தியானந்தா 1950இல் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். போரிலும் ரயில்பாதையிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்தவர் அவர். பிள்ளைகளுக்கு இல்லம், பெரியவர்களுக்குப் படிப்பு, எல்லாருக்கும் தியானம், எல்லாச் சமயத்துக்கும் மதிப்பு என்று அதை நடத்தினார். 1961இல் அவர் மறைந்தபின் அன்னை மங்களம் அந்தப் பொறுப்பைச் சுமந்து, 2023இல் 97 வயதில் மறையும்வரை அங்கேயே இருந்தார். பத்துமலையில் சுவாமி பிரணவானந்தர் சிவானந்தாசிரமத்தை நிறுவினார். தோட்டத்து டாக்டர் குப்புசாமியின் போதனை, அவர் காலடி பட்ட நாட்டுக்கு இப்படித் திரும்பி வந்தது. கூட்டுப் பிரார்த்தனை, ஆசன வகுப்பு, இளைஞர் முகாம், குறைந்த விலைக் கையேடு என்று அந்த வழி பட்டணங்களுக்குப் பரவியது.

சமயத்தைச் சாராத கூட்டங்களும் அப்போது வலுத்தன. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வழியாக வளர்த்த மாணவர் மணிமன்றம், பின்னால் மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றங்களாகத் தோட்டந்தோறும் கிளைவிட்டது. அவர் 1952இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள், பேச்சு, பாட்டு, நாடகம், ஓட்டப்பந்தயம், சடுகுடு என்று பொங்கலை ஒட்டி இளைஞர்களை மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்க வைத்தது. திராவிடர் கழகத்தார் படிப்பகம் வைத்தார்கள். கோயிலுக்குப் போகாத இளைஞனுக்கும் மாலையில் போக ஓர் இடம் இருந்தது. அந்தக் காலத்துத் தோட்ட மாலையை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சாதி இருந்தது, சண்டை இருந்தது, பெண்களுக்கு எல்லா வாசலும் திறந்திருக்கவில்லை. ஆனால் தனியாக இருக்க விடாத வாழ்க்கை அது.

பிறகு தோட்டமே போயிற்று. 1950களின் பிற்பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் மக்கள் மெர்லிமாவ், ஜாசின், மலாக்கா நகரத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும், மூவார், சிங்கப்பூர் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். தாமானில் வீட்டுக்குக் கதவு உண்டு, இரும்புக் கம்பி உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. லயத்துக்கு எதிரே இருந்த திடல் இல்லை. இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்குகிறவனும், பகல் ஷிப்டு முடிந்து இரவில் வருகிறவனும் ஒரே மாலையில் எப்படிக் கூடுவார்கள்?

கள்ளுக்கடை மூடிய இடத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் அதன் அப்போதைய தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிசும் சம்சுவை எதிர்த்து நடத்திய நெடும் பிரச்சாரத்துக்குத் தமிழ்ச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. படிப்புப் பக்கத்தில், டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், வார இறுதி வகுப்பைப் பிரார்த்தனையோடும் மன உறுதிப் பயிற்சியோடும் சேர்த்தது. பிள்ளையின் மனம் தளர்ந்தால் கணக்கு ஏறாது என்பதைப் புரிந்துகொண்ட திட்டம் அது.

இன்று கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளி மண்டபங்களிலும் நடக்கும் யோகா, தியான வகுப்புகளை இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பரவலாகத் தெரிந்த ஒரு முறை வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தறியில் உட்கார்ந்து உழைத்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, 2006இல் மறைந்தார். அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சி கையில் ஆரம்பிக்கிறது. பிறகு கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல், அழுத்தப் புள்ளிகள், கடைசியில் உடலைத் தளர்த்திப் படுத்தல். தலைகீழாக நிற்க வேண்டாம், காலை முறுக்க வேண்டாம். அதனால்தான் முன்னாள் பால்வெட்டிகளான பாட்டிமார்களுக்கு அது ஒத்துவருகிறது.

அப்படிப்பட்ட வகுப்புகளின் பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்.

"மூட்டு வலிக்குதும்மா. கீழ உக்கார முடியாது."

"நாற்காலியில உக்காருங்க பாட்டி. கைய மட்டும் தூக்குங்க, போதும்."

"இந்தக் கை தோளுக்கு மேல போவாது. காண்டா தூக்குன தோளு."

"போற வரைக்கும் போவட்டும். மூச்ச மட்டும் விட்டுடாதீங்க."

முடிந்ததும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சுண்டலும் சுக்குக் காப்பியும். அந்தக் கால் மணி நேரப் பேச்சில்தான் யார் மகன் வேலையை விட்டான், யார் வீட்டில் விளக்கு எரியவில்லை, யார் இரண்டு வாரமாக வரவில்லை என்பதெல்லாம் தெரியவரும். வராதவர் வீட்டுக்கு இருவர் போய்ப் பார்ப்பார்கள். ஆசனத்தைப் போலவே அந்தப் போய்ப் பார்த்தலையும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஏனென்றால் நம் நிலைமை கவலைக்குரியது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 500 மரம் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று லாரியில், மேசையில், தொழிற்சாலை வரிசையில் உட்கார்ந்தோ ஒரே இடத்தில் நின்றோ வேலை செய்கிறார்கள். சாப்பாட்டில் மட்டும் மரம் வெட்டியவனின் சோறு மிச்சமிருக்கிறது. மனத்தின் பக்கம் இன்னும் மௌனம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023இல்தான் நீக்கியது. அதுவரை வாய் திறக்கப் பயந்த குடும்பங்கள் எத்தனை! 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மண்டபங்கள் பூட்டப்பட்டன. வகுப்புகள் கைப்பேசிக்கு மாறின. பயிற்சியைத் திரையில் பார்த்துச் செய்ய முடிந்தது. சுக்குக் காப்பியைத் திரையில் குடிக்க முடியவில்லை. கட்டுப்பாடு நீங்கியபின் வயதானவர்கள் மண்டபத்துக்குத் திரும்பி வந்த வேகம், அவர்கள் எதை இழந்திருந்தார்கள் என்பதைச் சொன்னது.

இந்த வகுப்புகளிலும் குறைகள் உண்டு. எதிலும் ஆண்கள் குறைவு. திருவிழாவுக்கு உறுமி அடிக்க இரவெல்லாம் நிற்கிற இளைஞன், புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம் தன் உடம்புக்காக வர வெட்கப்படுகிறான். சில இடங்களில் பயிற்சி பின்னுக்குப் போய், குருவின் படமும் அடுத்த நிலைக்கான கட்டணமும் முன்னுக்கு வந்துவிடுகின்றன. அதைவிட ஆபத்து, ஆசனம் செய்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்பவர்கள். அதை நம்பிக் காலை இழந்தவர்களை நம் தாமான்களில் காணலாம். மருந்தையும் யோகத்தையும் எதிரெதிரே நிறுத்துபவர்கள், டாக்டராகவே இருந்து யோகம் சொன்ன குப்புசாமியின் வாழ்க்கையைப் படிக்கட்டும். கிளினிக் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு வாருங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை.

ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் தேதி, 2015 முதல், அனைத்துலக யோகா தினம் கொண்டாடுகிறார்கள். பெரிய திடல், ஒரே நிறச் சட்டை, படம். நல்லதுதான். ஆனால் மெர்லிமாவுக்குத் தேவை ஆண்டுக்கு ஒருநாள் ஆயிரம் பேர் கூடுவதைக் காட்டிலும் வாரத்துக்கு இரண்டு மாலை இருபது பேர் கூடுவது. அதற்குப் பெரிய செலவு இல்லை. கோயில் நிர்வாகம் மண்டபச் சாவியையும் மின்விசிறியையும் கொடுத்தால் போதும். கல்யாணத்துக்கு வாடகை வாங்குங்கள், இதற்கு வாங்காதீர்கள். ஒரு மாலையைச் சிலம்பத்துக்கு விடுங்கள், பையன்கள் வருவார்கள்; பையனைக் கூட்டிவரும் அப்பாவையும் ஓரத்தில் உட்கார வைத்துவிடலாம். ஷிப்டுக்காரர்களுக்கு ஞாயிறு காலை. மொழி தமிழாக இருக்கட்டும். "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு" என்பதைத் தாய்மொழியில்தான் ஒருவர் முதலில் சொல்வார்.

அடுத்த இதழில் தோட்டத்து உறுமி மேளக் குழுக்களைப் பற்றி எழுதவிருக்கிறேன். அதற்குமுன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மெர்லிமாவ், ஜாசின் லாலாங், டைமண்ட் ஜூப்ளி, செர்காம், புக்கிட் அசகான் தோட்டங்களில் பஜனைக் குழு, சிலம்ப வாத்தியார், மணிமன்றம், தேவார வகுப்பு, தோட்ட ஆஸ்பத்திரி ஆகியவற்றின் பழைய படங்களோ வருகைப் புத்தகங்களோ உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படத்தில் இருப்பவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, இந்த மாதமே பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.